சொந்தச் செயலியும் சுவாதீனமும்

2020 ஜூன் 22ஆம் தேதி, கொரோனாவின் காரணமாகப் பார்வையாளர் ஒருவரும் அமராத மண்டபத்தில் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியில், ஆப்பிள் ஸ்தாபனத்தின் தலைவர் டிம் குக், மக்கின்டாஷ் கணிப்பொறிகள் இனி இன்டெல் செயலிகளைத் துறந்து, தம் ஸ்தாபனமே வகுத்த செயலிகளைக் கொண்டு இயங்கும் என்றும், இம்மாற்றம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் நிறைவெய்தும் என்றும் அறிவித்தார். அதே நாளில், ஜப்பானின் கோபே நகரிலுள்ள ஃபுகாக்கு என்னும் மீக்கணினி உலகின் அதிவேகக் கணிப்பொறிகளின் பட்டியலில் முதலிடம் பெற்ற செய்தியும் வெளிவந்தது. ஃபுகாக்குவின் செயலியும் ஆப்பிள் கொண்டுவரப்போகும் செயலியும் பேசும் கட்டளைப் பாஷை ஒன்றே; ஆர்ம் என்பது அதன் பெயர். இந்தத் தற்செயலான ஒற்றுமை அன்று அநேகர் மனத்தில் பதியவில்லை. பதிந்திருக்குமாயின், இதே பாஷை பேசும், கைப்பேசிக்கு ஏற்பட்ட செயலியால் கனமான வேலைகளைச் செய்ய இயலுமா என்று அடுத்த சில மாதங்கள் நடந்த விவாதத்தில் பெரும்பகுதி எழுந்தே இராது.

இம்மாற்றத்தைப் பற்றி எழுதப்பட்டதும் பேசப்பட்டதும் ஏராளம். நிரல் எழுதுவோர், இசையமைப்போர், படத்தொகுப்பாளர், போட்டி ஸ்தாபனத்தார், பழுது பார்ப்போர் என்று பல திறத்தாரும் தத்தம் நிலையிலிருந்து அபிப்பிராயம் கூறியிருக்கின்றனர். அவற்றையெல்லாம் ஒருசேர வைத்து நோக்கினால், ஒரே வாதம்போல் தோன்றுவது உண்மையில் இரண்டு வாதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதே என்பது புலப்படும். இந்த யந்திரம் நன்றாக இயங்குமா என்பது ஒன்று. இந்த யந்திரம் யாருடையது என்பது மற்றொன்று. முதல் வாதம் ஆறு மாதத்துக்குள் தீர்ந்துவிட்டது. இரண்டாவது இன்றும் தீரவில்லை. முதலாவதில் சந்தேகித்தவர்கள் பிழைபட்டார்கள் என்ற ஒரே காரணத்தைக் கொண்டு, இரண்டாவதில் வருந்தியவர்களையும் மாற்றத்துக்கு அஞ்சுகிறவர்கள் என்று ஒதுக்கிவிடும் மனப்பான்மை பரவலாகக் காணப்படுகிறது. அது நியாயமன்று என்பதே என் துணிபு.

செயலி என்பது தனக்குத் தெரிந்த சில கட்டளைகளை மட்டும் அறிந்து, அவற்றை ஒரு வினாடிக்குள் பலகோடி முறை நிறைவேற்றும் சிலிக்கன் சில்லு. அக்கட்டளைகளின் தொகுதியே அதன் பாஷை. ஒரு பாஷைக்கென ஆக்கப்பட்ட மென்பொருள் வேறு பாஷைச் செயலிக்கு அர்த்தமற்ற எண்வரிசையே. ஆகவே, செயலியை மாற்றுவதென்பது வண்டிக்கு வேறு மாடு பூட்டுவது போன்ற காரியம் அன்று. ஒரு ராஜ்யத்தின் தஸ்தாவேஜுகளும் கணக்குகளும் உத்தரவுகளும் எந்தப் பாஷையில் இருக்கின்றனவோ அந்தப் பாஷையையே ஓர் இரவில் மாற்றிவிட்டு, மறுநாள் காலை கச்சேரி வழக்கம்போல் நடைபெற வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு ஒப்பானது. இடையே தேர்ந்த துபாஷி ஒருவன் இல்லாமல் அது கைகூடாது.

ஆப்பிளுக்கு இந்த அனுபவம் புதிதன்று. 1984இல் மோட்டரோலாவின் 68000 செயலியோடு பிறந்த மக்கின்டாஷ், ஐபிஎம், மோட்டரோலா, ஆப்பிள் ஆகிய மூவரும் கூடி ஆக்கிய பவர்பிசி செயலிக்கு 1994இலும், இன்டெல் செயலிக்கு 2006இலும் மாறியது. இவற்றுள் இரண்டாவது மாற்றம் அபிமானிகளின் உள்ளத்தைப் புண்படுத்தியது. ஏனெனில், 1998இல் இன்டெல்லின் பென்டியம் 2 செயலியை ஒரு நத்தையின் முதுகில் ஏற்றிக் காட்டிய விளம்பரம் முதலாக, பவர்பிசியே உயர்ந்தது என்று ஆண்டுக்கணக்காக அந்த ஸ்தாபனம் போதித்து வந்தது. அந்தப் போதனையை நம்பி, உடன் வேலை செய்வோரோடெல்லாம் வாதாடி நின்றவர்கள், 2005 ஜூன் 6ஆம் தேதி இன்டெல்லின் தலைவர் பால் ஓட்டலினியே ஆப்பிளின் மேடையில் ஏறியதைக் கண்டபோது, தம்மைத் தனியே விட்டுவிட்டுத் தலைவன் எதிர்ப்பக்கம் போய்விட்டதாகவே உணர்ந்தார்கள். காரணம் கேட்டவர்களுக்கு ஆப்பிளின் அன்றைய தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒளிக்காமல் பதில் கூறினார். ஓராண்டுக்குள் 3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள கணிப்பொறியைத் தருவதாக 2003இல் தாம் கொடுத்த வாக்கை அவரால் நிறைவேற்ற முடியவில்லை. பவர்பிசி வரிசையின் ஜி5 செயலியோ அதன் உஷ்ணத்தின் காரணமாக மடிக்கணினிக்குள் நுழையவே இல்லை. தம் இயங்குதளம் ஐந்தாண்டுகளாக ரகசியமாக இன்டெல் செயலிக்கும் சேர்த்தே ஆக்கப்பட்டு வந்தது என்ற செய்தியையும் அன்றுதான் அவர் வெளியிட்டார். பிறர் ஆக்கித்தரும் செயலியை நம்பித் தன் வாடிக்கையாளர்க்கு வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்ற முடியாமல் சபையில் நின்ற அந்த அனுபவமே பின்னாளில் நடந்தவற்றுக்கெல்லாம் வித்து என்று நான் கருதுகிறேன்.

ஆர்ம் பாஷையின் பிறப்பும் இங்கே கூறத்தக்கது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்னும் சிறு ஸ்தாபனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்னும் இருவர் வகுத்த முதற்சில்லு, 1985 ஏப்ரல் 26ஆம் தேதி வந்து சேர்ந்து, வந்த அன்றே பிழையின்றி இயங்கியது. அது எவ்வளவு மின்சாரம் உண்கிறது என்று அளக்க முற்பட்ட ஃபர்பர், கருவியின் முள் பூஜ்யத்திலேயே நிற்பதைக் கண்டு திகைத்தாராம். மின்னிணைப்பே தரப்படாமல், பிற சுற்றுகளிலிருந்து கசிந்துவந்த மின்சாரத்தைக் கொண்டே அது ஓடிக்கொண்டிருந்தது என்பது பின்னரே தெரிந்தது. மிகக் குறைந்த உணவில் உழைக்கும் இந்த இயல்பே அதன் பிற்காலப் பெருமைக்கெல்லாம் மூலம். 1990இல் ஆர்ம் தனி ஸ்தாபனமானபோது, ஏகார்னுடனும் விஎல்எஸ்ஐ என்ற சில்லு ஸ்தாபனத்துடனும் கூட்டுச் சேர்ந்த மூன்றாவது பங்காளி ஆப்பிளே. 2008இல் பி.ஏ. செமி என்ற சிறு சில்லு வடிவமைப்பு ஸ்தாபனத்தை 27.8 கோடி டாலருக்கு ஆப்பிள் வாங்கிற்று. 2010இல் ஐபேடுக்குள் ஏ4. 2013இல் கைப்பேசிகளிலேயே முதன்முதலாக 64 பிட் அளவைக் கையாண்ட ஏ7. அந்த ஏ7ஐக் குவால்காம் ஸ்தாபனத்தின் உயர் அதிகாரி ஒருவர் வெறும் விளம்பரத் தந்திரம் என்று கூற, சில நாட்களில் அந்த ஸ்தாபனமே அக்கூற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. ஆக, 2020ஆம் ஆண்டின் அறிவிப்பு திடீரெனத் தோன்றிய எண்ணமன்று. அதன் பின்னே பன்னிரண்டு ஆண்டு உழைப்பு இருந்தது.

இதே காலத்தில் இன்டெல் தளர்ந்து வந்தது. ஐபோனுக்குச் செயலி செய்துதரும் வாய்ப்பு முதலில் தம்மிடமே வந்ததையும், அடக்கவிலைக் கணக்கைப் பார்த்துத் தாம் அதை மறுத்ததையும், அந்தக் கணக்கே பிழையாய்ப் போனதையும் ஓட்டலினி 2013இல் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். சில்லு வார்க்கும் நுணுக்கத்தில் 14 நானோமீட்டர் முறையை 2014இல் எட்டிய அந்த மாபெரும் ஸ்தாபனம், அடுத்த படியான 10 நானோமீட்டரில் பல்லாண்டுகள் கால் ஊன்ற முடியாமல் திணறியது. ஆப்பிளின் அறிவிப்புக்கு ஒரு மாதம் கழித்து, அதற்கும் அடுத்த படியும் தாமதமாகும் என்று அது தெரிவித்தபோது, மறுநாள் ஒரே நாளில் அதன் பங்குவிலை ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது.

ஜூனுக்கும் நவம்பருக்கும் இடைப்பட்ட ஐந்து மாதங்களில் எழுந்த எதிரொலியில் சந்தேகமே மிகுதி. கைப்பேசியில் சில வினாடிகள் பாய்ந்து ஓடி அடங்கும் செயலி, மணிக்கணக்காக நடக்கும் வேலையைத் தாங்காது என்றார்கள் சிலர். வேகத்தை அளக்கும் பரீட்சைகளே கைப்பேசிச் செயலிகளுக்குச் சாதகமானவை என்றார்கள் வேறு சிலர். நவம்பர் 10ஆம் தேதி எம்1 செயலியை அறிமுகப்படுத்தியபோது ஆப்பிள் காட்டிய வரைபடங்களில் அச்சுகளின்மீது எண்களே இல்லாதிருந்தமை இந்தச் சந்தேகத்தை வளர்த்தது. அந்தக் கண்டனம் முற்றும் நியாயமானது. செய்த வேலையில் உறுதியுள்ள ஸ்தாபனம் எண்களை மறைப்பதற்கு எந்த முகாந்திரமும் இல்லை.

ஆனால் ஒரு வாரத்தில் யந்திரமே கைக்கு வந்துவிட்டது. 1,600 கோடி டிரான்ஸிஸ்டர்களைக் கொண்ட எம்1ஐத் தாங்கிய மேக்புக் ஏர் மடிக்கணினி, முந்தைய 999 டாலர் விலையிலேயே, மின்விசிறி இல்லாமல், அதுவரை விசிறிகள் இரைந்து சுழன்ற கணிப்பொறிகள் செய்த வேலையை ஓசையின்றிச் செய்தது. படத்தொகுப்பாளர்கள் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்து பார்த்தார்கள், வேகம் குறையவில்லை. நிரலாளர்கள் பெரிய மென்பொருள்களைத் தொகுத்துப் பார்த்தார்கள்; பன்மடங்கு விலையுள்ள மேசைக் கணிப்பொறிகளுக்கு அது ஈடுகொடுத்தது. சந்தேகித்தவர்களுள் பலர் தாம் முன்பு எழுதியதைத் தாமே மறுத்து எழுதினார்கள். விமர்சனத் துறையில் அபூர்வமாகக் காணக்கூடிய அந்தக் கண்ணியத்தை நான் மதிக்கிறேன்.

இந்தச் சாதனையின் காரணத்தைச் சற்று விளக்குவது அவசியம். ஏனெனில் புகழ்ந்தவர்களுள்ளும் பலர் இதை ஏதோ மந்திரம்போலவே வர்ணித்தார்கள். இன்டெல் பாஷையில் ஒரு கட்டளை ஒரு பைட்டாகவும் இருக்கலாம், பதினைந்து பைட்டாகவும் இருக்கலாம். ஆதலால் ஒரு கட்டளை எங்கே முடிகிறது என்று தெரிந்தாலன்றி அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அறிய இயலாது. ஆர்மின் 64 பிட் பாஷையிலோ ஒவ்வொரு கட்டளையும் சரியாக நான்கு பைட்டு. இந்தச் சீர்மையினால் எம்1இன் பெரிய கருக்கள், அதாவது கட்டளைகளை நிறைவேற்றும் உட்பகுதிகள், ஒரே துடிப்பில் எட்டுக் கட்டளைகளைப் பிரித்தறிய வல்லவையாயின; அன்றைய இன்டெல் செயலிகளின் ஆற்றல் ஏறக்குறைய அதில் பாதியே. விரைவுக்கென்று நான்கும் சிக்கனத்துக்கென்று நான்குமாக எட்டுக் கருக்களை அமைத்ததும், கணக்கிடும் பகுதியும் சித்திரம் தீட்டும் பகுதியும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ள வைத்ததும், தைவானின் டிஎஸ்எம்சி ஸ்தாபனத்தின் 5 நானோமீட்டர் முறையைப் பிறருக்கு முன்னரே பயன்படுத்தியதும் மற்றக் காரணங்கள்.

இவையனைத்தையும்விட என்னை வியக்கச் செய்வது துபாஷியின் திறமே. ரோஸெட்டா 2 என்று பெயரிடப்பட்ட அந்த மொழிபெயர்ப்பு மென்பொருள், 2006இல் பயன்பட்ட முதல் ரோஸெட்டாவைப்போல் பேசப்பேச மொழிபெயர்ப்பதோடு நில்லாமல், ஒரு மென்பொருளைப் பெரும்பாலும் முன்கூட்டியே முழுமையாக மொழிபெயர்த்து வைத்துக்கொண்டது. அதிலும் ஒரு நுட்பமான சிக்கல் இருந்தது. இன்டெல் செயலியின் ஒரு கரு நினைவகத்தில் அடுத்தடுத்து எழுதும் இரண்டு செய்திகளை மற்றக் கருக்கள் அதே வரிசையில்தான் காணும். ஆர்ம் அந்த வரிசையைக் கட்டாயமாக்குவதில்லை. அந்த வரிசையை நம்பி எழுதப்பட்ட பழைய மென்பொருளை வரிசை காக்காத யந்திரத்தில் ஓட்டினால், எப்போதோ ஒருமுறை, யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி, கணக்குத் தவறிப்போகும். ஒவ்வோர் இடத்திலும் காவல் வைத்து எழுதினாலோ வேகம் மடியும். ஆப்பிளின் பொறியாளர்கள், துபாஷி வேலை செய்யும் நேரத்தில் மட்டும் இன்டெல்லின் வரிசை முறையைக் கைக்கொள்ளும்படி ஒரு விசையைச் சில்லுக்குள்ளேயே அமைத்துவிட்டார்கள். செயலியையும் இயங்குதளத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒரே கூரையின்கீழ் இருப்போர் சேர்ந்து சிந்தித்தாலன்றி இத்தகைய தீர்வு தோன்றியிராது. சொந்தச் செயலி என்ற கொள்கைக்கு இதைவிடச் சிறந்த நியாயம் எனக்குத் தெரியவில்லை.

போட்டியாளரின் எதிரொலி மூன்று படிகளாக மாறியது. இன்டெல்லின் புதிய தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேட் கெல்சிங்கர், 2021 ஜனவரியில் ஊழியரிடையே பேசுகையில், ஆப்பிளை வாழ்க்கைப் பாணியை விற்கும் ஸ்தாபனமாகவே குறிப்பிட்டதாகச் செய்தி வந்தது. மார்ச்சில், முன்னொரு காலத்தில் ஆப்பிளின் விளம்பரங்களில் மக்கின்டாஷாகவே வேடமேற்ற நடிகர் ஜஸ்டின் லாங்கை அமர்த்தி, இன்டெல் கணிப்பொறிகளைப் புகழச் செய்தார்கள். அக்டோபரில் அதே கெல்சிங்கர், ஆப்பிள் தங்களைவிடச் சிறந்த சில்லைத் தன்னால் செய்ய முடியும் என்று தீர்மானித்து அதை நன்றாகவே செய்துவிட்டது என்றும், மேலான சில்லைச் செய்து அந்த வியாபாரத்தை மீட்பதே தம் எண்ணம் என்றும் ஒப்புக்கொண்டார். அவருடைய பேச்சுகளுள் இந்தக் கடைசிப் பேச்சே ஒரு பொறியாளருக்கு உரியதாக எனக்குப் படுகிறது. குவால்காமோ பேச்சோடு நில்லாமல், ஆப்பிளின் முன்னாள் சில்லு வடிவமைப்பாளர்கள் நிறுவிய நூவியா ஸ்தாபனத்தை 140 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பயனாக 2024இல் விண்டோஸ் மடிக்கணினிகளும் இதே வழியில் புறப்பட்டன.

இனி, தீராத வாதத்துக்கு வருவோம். மாற்றத்தால் இழந்தவர்கள் யார்? விண்டோஸையும் மக்கின்டாஷையும் ஒரே யந்திரத்தில் மாறிமாறி ஓட்ட 2006 முதல் இருந்த பூட் கேம்ப் வசதி ஒழிந்தது. நினைவகம் செயலியோடு ஒரே பொதியில் ஒட்டப்பட்டதால், வாங்கும் நாளில் எவ்வளவு பெற்றோமோ அவ்வளவுதான் யந்திரத்தின் ஆயுள் முழுவதும்; முந்தைய இன்டெல் மேக் மினியில் 64 ஜிகாபைட் வரை கூட்டிக்கொள்ள முடிந்திருக்க, எம்1 மினியில் 16க்கு மேல் வழியே இல்லை. 2019 டிசம்பரில் 5,999 டாலர் முதல் விலைக்கு வந்த மேக் ப்ரோ, ஏறக்குறைய 1.5 டெராபைட் நினைவகத்தையும் விருப்பம்போல் சித்திரச் செயலி அட்டைகளையும் ஏற்றது. அதன் வாரிசாக, வாக்களித்த இரண்டாண்டு மூன்றாக நீண்ட பின், 2023 ஜூனில் வந்த யந்திரத்தில் நினைவகத்தின் உச்சவரம்பு 192 ஜிகாபைட். உள்ளே அட்டைகளுக்கு இடம் உண்டு, ஆனால் சித்திரச் செயலி அட்டைகளை அது ஏற்பதில்லை. அந்த 2019ஆம் ஆண்டு யந்திரத்தை வாங்கியவர்களுக்கு, ஆறு மாதத்தில் இந்தப் பாதை மூடப்படும் என்று ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. வியாபார ரகசியம் என்று இதற்குச் சமாதானம் கூறலாம். பெருந்தொகை கொடுத்துத் தொழிலையே அதன்மேல் கட்டியவர்களுக்கு அந்தச் சமாதானம் போதாது.

நிரலாளர் விஷயத்திலும் ஒரு சிறு நிகழ்ச்சி குறிக்கத்தக்கது. மாற்றத்துக்கு ஆயத்தமாக, 500 டாலர் கட்டணத்துக்கு ஒரு சோதனைக் கணிப்பொறியை ஆப்பிள் அவர்களுக்குக் கொடுத்தது; அதைத் திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை. 2021 பிப்ரவரியில், திருப்புவோருக்கு 200 டாலர் சலுகை என்று அறிவித்தபோது எழுந்த கசப்பைக் கண்டு, சில நாட்களிலேயே அதை 500 டாலராக உயர்த்தினார்கள். தொகை சிறிதே. ஆனால் பிறருடைய உழைப்பின்றித் தன் மாற்றம் நடவாது என்பதை ஸ்தாபனம் உணர்ந்திருக்கிறதா என்ற கேள்வி அந்தத் தொகைக்குள் அடங்கியிருந்தது.

சுதந்திர மென்பொருளாளரின் நிலை இன்னும் விசித்திரமானது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கர்த்தாவான லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் ஓடுமானால் இந்த மடிக்கணினியைத் தாம் விரும்பி ஏற்பதாகக் கூறினார். பிற இயங்குதளங்களை ஏற்றும் வாயிலை ஆப்பிள் அடைக்கவில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கூறும் ஏடு எதையும் தரவும் இல்லை. கதவைத் திறந்து வைத்து விளக்கை அணைத்துவிட்ட அந்த இல்லத்துக்குள், அஸாஹி லினக்ஸ் என்ற குழுவினர் தடவித் தடவிச் சென்று, ஒவ்வோர் உறுப்பின் நடத்தையையும் பரிசோதித்து எழுதிக்கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்குள் லினக்ஸை ஓடச்செய்தார்கள். 2022 ஜூலை 31ஆம் தேதி லினக்ஸ் 5.19ஐ டோர்வால்ட்ஸ் வெளியிட்டது அவர்களுடைய உழைப்பால் இயங்கிய, எம்1ஐ அடுத்துவந்த எம்2 மடிக்கணினி ஒன்றிலிருந்தே. இந்த முழு வரலாற்றிலும் என் நெஞ்சம் கவர்ந்த பகுதி இது. என்றாலும், புதிய சில்லு வரும்தோறும் அந்த ஆராய்ச்சியில் ஒரு பகுதியைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது. தாம் காசு கொடுத்து வாங்கிய பொருளை அறிந்துகொள்ள இத்தனை பாடு எதற்கு என்ற கேள்விக்கு வேகத்தின் பெருமை பதிலாகாது.

சொந்தம் என்ற சொல்லையும் சற்று ஊன்றிப் பார்க்கவேண்டும். ஆப்பிளின் செயலி பேசும் பாஷை, இன்று ஜப்பானின் சாஃப்ட்பேங்க்கின் ஆதிக்கத்திலுள்ள ஆர்மினிடம் உரிமம் பெற்றது. 2020 செப்டம்பரில் அந்த ஆர்மையே 4,000 கோடி டாலருக்கு வாங்கச் சில்லு ஸ்தாபனமான என்விடியா முயன்றபோது, பாஷைக்கு உரியவனே போட்டியாளனாகிவிடுவானோ என்ற அச்சம் தொழிலுலகம் முழுவதும் பரவிற்று. 2022 பிப்ரவரியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2040ஐயும் தாண்டி நீளும் ஒப்பந்தம் ஒன்றை ஆப்பிள் ஆர்முடன் செய்துகொண்டிருப்பது 2023இல் தெரியவந்தது. சில்லு வார்க்கப்படுவதோ பெரும்பாலும் தைவானில், டிஎஸ்எம்சியின் ஆலைகளில். அந்த ஆலைகள் நம்பியிருக்கும் அதிநுண் ஒளிப்பதிவு யந்திரங்களை உலகில் செய்பவர் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் ஒருவரே. ஆக, சொந்தமென்பது இங்கே தீர்மானிக்கும் உரிமையை மட்டும் குறிக்கிறது: எப்போது, எந்த அளவில், எந்த நோக்கத்துக்கு என்று முடிவு செய்யும் உரிமை. 2003இல் ஜாப்ஸிடம் இல்லாதிருந்தது அதுவே. 2020இல் ஆப்பிள் பெற்றது அதுவே. அந்த உரிமையில் ஒரு பகுதி இன்டெல்லிடமிருந்து வந்தது என்பது எல்லோரும் அறிந்தது. இன்னொரு பகுதி, நினைவகத்தைக் கூட்டவும் அட்டையை மாற்றவும் வேறு இயங்குதளத்தை எளிதில் ஏற்றவும் யந்திரம் எத்தனை ஆண்டு உழைக்கலாம் என்று தானே முடிவு செய்யவும் முன்பு வல்லவனாயிருந்த வாங்குவோனிடமிருந்து வந்தது.

இதை அனுபவத்தால் அறிந்தவர்கள் முந்தைய மாற்றத்தின்போதே இருந்தார்கள். முதல் ரோஸெட்டா 2011இல், லயன் என்ற பதிப்போடு நீக்கப்பட்டது. பவர்பிசி பாஷையில் எழுதப்பட்டுப் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோன ஆப்பிள்வொர்க்ஸ் என்ற மென்பொருள் அன்றோடு செயலற்றது. ஆண்டுக்கணக்காக அதில் கடிதங்களும் பாடக்குறிப்புகளும் குடும்பக் கணக்குகளும் எழுதிச் சேர்த்தவர்கள், முன்னதாகவே அவற்றை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாவிடில், தம் கையால் எழுதியதைத் திறப்பதற்காகவே பழைய யந்திரம் ஒன்றைப் பாதுகாத்து வைக்க நேர்ந்தது. 2025 ஜூனில் ஆப்பிள் இரண்டு செய்திகளைக் கூறியது: டஹோ என்னும் பதிப்பே இன்டெல் மக்கின்டாஷ்களுக்குரிய கடைசி இயங்குதளம், அதற்கு அடுத்த பதிப்பு வரை நீடித்தபின், சில பழைய விளையாட்டுகளுக்கு வேண்டிய பகுதி நீங்கலாக, ரோஸெட்டா 2உம் விடைபெறும். எழுதிய நிரலாளர் தொழிலை விட்டுப்போன இசைக் கருவிகள், கலைக்கப்பட்ட ஸ்தாபனங்களின் அச்சுக்கோப்பு மென்பொருள்கள், ஒரே ஓர் ஆய்வுக்கூடத்துக்கென்று ஒருவர் மட்டும் எழுதிக்கொடுத்த அளவைக் கருவிகள் ஆகியவற்றை வைத்திருப்போர் இப்போதே தம் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, வேறு வடிவில் பிரதி எடுத்து வைக்கத் தொடங்கவேண்டும்.